காதால் தேர்ந்தெடுத்த கடல்

அந்த வருடம் லிப்ட் மெக்கானிக்குக்குக் கோடையில் ஒரு வாரம் முழுசாக விடுப்பு கிடைத்தது. கிடைத்த அன்றைக்கே வீட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது.

எங்கே போவது என்பதுதான் சண்டை. தெற்குக் கரைக்கு என்பதில் யாருக்கும் பேச்சில்லை. பாதி வருடம் மேகத்துக்குக் கீழேயே குடித்தனம் நடத்துகிற ஊர்க்காரர்களுக்குத் தெற்கு என்றாலே வெயில்தான். ஆனால் கரை நீளமானது. அதில் வரிசையாக ஊர்கள். ஒவ்வோர் ஊரும் இணையத்தில் மேக்கப் போட்டுக்கொண்டு நின்று, என்னைப் பார், என்னைப் பார் என்று கூப்பிட்டது.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். பதினாறு வயது மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். வாலுவுக்கு வெள்ளை மணல் வேண்டும், அதில் நீல நிறப் படகுகள் வேண்டும், அந்தப் படகுகளுக்கு முன்னால் தான் நிற்கவேண்டும். மெக்கானிக்குக்கு ஒரு பழைய துறைமுக ஊரின் மேல் கண். அங்கே குன்றின் உச்சிக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பிவட ரயில் ஒன்று இருந்தது.

"லீவுல போயும் கம்பியும் கப்பியுமா அப்பா?" என்று வாலு தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீ படம் எடுக்கப் போற. நான் பாக்கப் போறேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

மெக்கானிக்கின் மனைவி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். அங்கே எல்லாருக்கும் அவள் ஆபரேட்டர்தான். வீட்டிலும் கணவருக்கு ஏதாவது காரியம் ஆகவேண்டுமென்றால் "ஆபரேட்டர் மேடம்" என்று குழைவார். அவளுக்கு எந்த ஊராக இருந்தாலும் சரி. அவள் கவனமெல்லாம் மேசையின் நான்காவது பக்கத்தில் இருந்தது.

அங்கே அவள் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்கின் அக்கா. அம்மா அப்பா சீக்கிரம் போய்விட, தம்பியைத் தூக்கி வளர்த்து, படிக்க வைத்து, தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டவர். பெயிண்ட் கடை ஒன்றில் வண்ணம் கலக்கிக் கொடுக்கும் வேலை. கண்ணில் அழுத்த நோய் வந்து, பார்வை ஓரங்களில் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் இரண்டு வருடங்களுக்கு முன் முழுவதும் அணைந்துவிட்டது. தம்பி போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து மருத்துவமனைக்கு என்றால் மட்டுந்தான் வெளியே இறங்குவார். மற்றபடி இந்த நாலாவது மாடி வீடு, அந்த நாற்காலி, ஒரு ரேடியோ.

"தண்ணி பாருங்களேன், அப்படியே கண்ணாடி!" என்று வாலு திரையைத் திருப்பினாள். திருப்பிய பிறகுதான் யார் பக்கம் திருப்பினோம் என்பது அவளுக்கு உறைத்தது.

நாத்தனார் கோப்பையைத் தடவி வைத்தார். "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்."

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். நாத்தனாரே முதலில் சிரித்தார்.

"சரிப்பா, கேட்டுக்கறேன். திருடன் வந்தா கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், போதுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஆபரேட்டருக்கு அந்தச் சிரிப்பு உள்ளே இறங்கவில்லை. கூட்டிக்கொண்டு போனால்தான் என்ன? படத்தைப் பார்த்துப் பிடித்த ஊரில், படத்தைப் பார்க்க முடியாதவர் போய் என்ன செய்வார்? குடைக்குக் கீழே உட்கார வைத்து, ஐஸ்க்ரீமைக் கையில் கொடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் போய்விடுவார்கள். அதற்கு இந்த நாற்காலியே மேல் என்று அவர் நினைப்பதில் என்ன தப்பு?

ஆபரேட்டரின் அறை மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரில் வார்டுகளின் எண்கள், மேசையில் விளக்குகள் மினுங்கும் பலகை, காதில் ஹெட்செட். காலையிலிருந்து சாயங்காலம் வரை வருகிற குரல்களைப் பிரித்து அந்தந்த இடத்துக்கு அனுப்பவேண்டும். வருடக்கணக்காக அதையே செய்ததில் அவள் காது ஒரு மாதிரி பழுத்துவிட்டது. பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதே பின்னால் வரும் சத்தத்தில் தெரிந்துவிடும். ரயில் நிலையமா, சமையலறையா, குளியலறைக் கதவை மூடிக்கொண்டு ரகசியமாகப் பேசுகிறாரா, எல்லாம்.

மறுநாள் மதியம் யாரோ ஒரு பெண், தன் தகப்பனாரின் அறுவை சிகிச்சை முடிந்ததா என்று கேட்டு அழைத்தாள். அவளுக்குப் பின்னால் ஓயாமல் ஒரு மரம் காற்றில் அலைந்துகொண்டிருந்தது. எத்தனை பெரிய மரமோ! இணைப்பு கொடுத்த பிறகும் அந்த இலைச் சத்தம் ஆபரேட்டரின் காதை விட்டுப் போகவில்லை. அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. தோன்றியதும் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். இவ்வளவு நாளும் காதை வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தேன்?

தேநீர் இடைவேளையில் தன் கைபேசியை எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்து ஓரமாகப் போய் நின்றாள். வாலு குறித்து வைத்திருந்த நீலப்படகு ஊரின் பெரிய ஹோட்டலைக் கூப்பிட்டாள்.

"உங்க வாசல்ல நின்னா என்ன சத்தம் கேக்குங்க?"

வரவேற்பில் இருந்தவன் பதறிவிட்டான். "சத்தமே இருக்காது மேடம்! ரொம்ப அமைதியான இடம். டபுள் கண்ணாடி போட்டிருக்கோம்."

"கடல் சத்தம்?"

"அதுகூட வராது மேடம். நான் கேரண்டி."

அடுத்த ஹோட்டலில், போன வாரம் சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுத்தது நீங்கள்தானா என்று கேட்டார்கள். அதற்கடுத்த இடத்தில் ஓர் இளம்பெண் உற்சாகமாக, நீச்சல் குளத்துப் பக்கம் தினமும் பாட்டுக் கச்சேரி உண்டு என்றாள். இன்னோர் இடத்தில் மேலாளர் வந்து, "மேடம், உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றார். எனக்கே சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டு மூன்று நாள் இப்படியே போயிற்று. அந்தக் கரையில் இருந்த விடுதிகளையெல்லாம் அவள் ஒரு பாடு படுத்திவிட்டாள். கடைசியில் வரைபடத்தில் சாலை முடிந்துபோகிற இடத்தில் இருந்த ஒரு சின்ன விடுதியின் எண் கிடைத்தது. படம் என்று ஒன்றே ஒன்றுதான் போட்டிருந்தார்கள். அதில் ஒரு கொடியில் துணி காய்ந்தது. கீழே ஒரு பூனை முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மூச்சு வாங்க ஓடி வந்து எடுத்தது ஒரு பெண் குரல். கேள்வியைக் கேட்டதும் அந்தக் குரல் கொஞ்ச நேரம் யோசித்தது.

"சத்தமா? அதை எப்படிம்மா வாயால சொல்றது. இருங்க, லைன்ல இருங்க."

செருப்புச் சத்தம். ஒரு கதவு கிறீச்சிட்டது. காற்று வந்து கைபேசியை அறைந்தது. நடந்தபடியே இருந்தாள் அந்தப் பெண். பிறகு செருப்புச் சத்தம் நின்றது.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ அடி ஆழத்தில் ஏதோ புரண்டது. பெரிய உயிர் ஒன்று தூக்கத்தில் மூச்சை உள்ளே இழுப்பதுபோல நீளமாக ஒரு சத்தம். அது நின்றது. நின்ற அந்த இடைவெளியில் ஆபரேட்டர் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த கணம், ஹூம்ம்ம் என்று அந்த மூச்சு வெளியே வந்தது. சின்னக் கைபேசி அவள் உள்ளங்கையில் அதிர்ந்தது. கைமயிர் அத்தனையும் எழுந்து நின்றுவிட்டது. பக்கத்தில் சலவை இயந்திரங்கள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. அவள் காதில் அது ஒன்றுமே விழவில்லை.

"கேட்டுச்சா?" என்றது குரல்.

"என்னங்க அது?"

"மூச்சுப்பாறைன்னு சொல்லுவோம். பாறைக்கு அடில குகை. மேல ஓட்டை. அலை உள்ள போகும், காத்து மேல வரும். இங்க பாருங்கம்மா, பொய் சொல்லிக் கூப்பிட்டுட்டேன்னு அப்புறம் சொல்லாதீங்க. நிறையப் பேரு ஒரே நாள்ல மூட்டையக் கட்டிடுவாங்க, தூக்கம் வரலைன்னு."

அன்று சாயங்காலம் ஆபரேட்டர் மேசையின் நடுவில் கைபேசியை வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் அந்த விடுதியைக் கூப்பிட்டாள். "ஏன்டி, யாரு?" என்று கணவர் கேட்டதற்கு உதட்டில் விரலை வைத்தாள். விடுதிக்கார அம்மாள் சலிக்காமல் மறுபடி நடந்தார். செருப்பு, கதவு, காற்று. பிறகு அது.

நாத்தனாரின் கை கோப்பைக்குப் பாதி தூரம் போய் அப்படியே நின்றுவிட்டது. மூச்சு உள்ளே போயிற்று, நின்றது, வெளியே வந்தது. மெக்கானிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை," என்றார் நாத்தனார்.

"அது நான் செய்யறதில்லம்மா," என்று கைபேசியிலிருந்து சிரிப்பு வந்தது. "அதுவா செய்யும். இருங்க."

இன்னொரு தடவை கேட்டார்கள். அதன் பிறகு நாத்தனார் கோப்பையை எடுக்கவே இல்லை. "எவ்வளவு பெரிசுங்க அது? நான் கிட்டப் போகலாமா? எனக்குக் கண்ணு தெரியாது," என்று மேசையைப் பார்த்துக் கேட்டார். அந்த வார்த்தைகளை அவர் வெளி ஆளிடம் சொல்லி வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"இங்க வர்ற அலைக்கு உங்களைத் தெரியுமா, என்னைத் தெரியுமா?" என்றார் அந்த அம்மாள். "எங்க நிக்கணும்னு நான் சொல்றேன். அங்க நில்லுங்க. ஒண்ணும் ஆகாது."

முடிவு ஆகிவிட்டது என்று ஆபரேட்டர் நினைத்தாள். ஆனால் வாலுவின் முகம் தொங்கிப்போயிருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "வருஷத்துக்கு ஒரு தடவை போறோம். துணி காயிற இடத்துக்கும் பூனைக்கும் நடுவுலயா? எல்லாமே அத்தைக்காகத்தானா?" என்று அம்மாவிடம் பொரிந்தாள். மெல்லிய சுவர், நாத்தனாரின் காதுக்கு அது சுவரே இல்லை.

"அவ சொல்றது நியாயந்தான்," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "அவ ஊருக்கு ரெண்டு நாள். நம்ம ஊருக்கு மிச்ச நாள். டேய் தம்பி, உன் கம்பி ரயிலு அடுத்த வருஷம்."

"என்னை யாரு கேட்டா!" என்றார் மெக்கானிக். முகம் மட்டும் மலர்ந்திருந்தது. அக்கா 'நம்ம ஊரு' என்று சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது.

நீலப்படகு ஊர் படத்தில் இருந்தபடியேதான் இருந்தது. வெயில் அப்படிக் கொட்டியது. மணல் மாவு போல வெள்ளை. படகுகள் நீலம். ஆனால் அந்தப் படகுகள் எங்கேயும் போவதில்லை. படம் எடுத்துக்கொள்வதற்கென்றே தினமும் வண்ணம் பூசி மணலில் நிறுத்தியிருந்தார்கள். அதற்கு முன்னால் நீளமாக ஒரு வரிசை. வாலு அந்த வரிசையில் மத்தியானம் வரை நின்று, ஆசை தீரப் படம் எடுத்துக்கொண்டாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. கடற்கரை முழுக்கக் குடைகள், குடைக்குக் குடை ஒரு பாட்டு.

நாத்தனாரைத் தண்ணீர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள் ஆபரேட்டர். குளம் போலக் கிடந்தது கடல். அலை என்ற பேச்சே இல்லை. கணுக்காலில் வெதுவெதுப்பாக ஏதோ ஏறி இறங்கியது, அவ்வளவுதான்.

"கடல் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார் நாத்தனார்.

"கால்லதான் அண்ணி இருக்கு."

"இதுவா?" அவர் காலால் இரண்டு தடவை தண்ணீரைத் துழாவினார். "யாரோ குளிச்சுட்டு விட்ட தண்ணி மாதிரி இருக்கு."

ஆபரேட்டர் சிரித்துவிட்டாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பாறையும் இப்படியே இருந்துவிட்டால்? கைபேசியில் பெரிதாகக் கேட்டது நேரில் சப்பென்று போய்விட்டால்? நாற்காலியை விட்டு எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தது தான்தான். இனி ஒரு தடவை அவரை எழுப்ப யாராலும் முடியாது.

மூன்றாம் நாள் காலையில் பேருந்து பிடித்தார்கள். போகப் போக ஹோட்டல்கள் குறைந்தன, பிறகு வீடுகள் குறைந்தன. மணல் போய்ச் செம்பாறை வந்தது. சாலை முடிந்த இடத்தில் பேருந்து திரும்பி நிற்க, விடுதிக்கார அம்மாள் இடுப்பில் கை வைத்தபடி காத்திருந்தார். குரலை வைத்து ஆபரேட்டர் அவரை ஆஜானுபாகுவாகக் கற்பனை செய்திருந்தாள். ஆள் அவள் தோளுக்குத்தான் வந்தார். வெயிலில் காய்ந்து சுருங்கிய முகம், முட்டிவரை மடித்துவிட்ட காற்சட்டை.

"நீங்கதானா அந்த 'இன்னொரு தடவை' அம்மா?" என்று நேராக நாத்தனாரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. ரெண்டு நாளாக் கடல் சும்மா தூங்கிட்டிருந்துச்சு. இன்னிக்குக் காலைலேர்ந்து தூரத்து அலை வந்துக்கிட்டிருக்கு."

பைகளை வாசலிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். விடுதிக்குப் பின்னால் முள்செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. பிறகு தட்டையான பெரும்பாறை, ஒரு மைதானம் அளவுக்குக் கடலை நோக்கி நீண்டு கிடந்தது. அதன் மேல் வெயில் வெள்ளையாக எரிந்தது. பாறையின் ஓரிடத்தில் வெள்ளை வண்ணத்தில் தடிமனாகக் கோடு போட்டிருந்தார்கள். "கோட்டுக்கு இந்தப் பக்கம் நம்ம இடம். அந்தப் பக்கம் அதோட இடம்," என்றார் அந்த அம்மாள்.

நாத்தனார் ஒரு கையால் தம்பியையும் ஒரு கையால் ஆபரேட்டரையும் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதி தூரத்தில் காலுக்குக் கீழே முதல் அதிர்வு வந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. நின்றுவிட்டார். அவர் உள்ளங்கை வியர்த்து நனைந்திருப்பது ஆபரேட்டருக்குத் தெரிந்தது.

"போதும்மா. திரும்பிடலாம்."

"சரிக்கா, வா, போயிடலாம்," என்று மெக்கானிக் உடனே திரும்பினார். அவருக்கும் முகம் வெளுத்திருந்தது.

ஆபரேட்டர் திரும்பவில்லை. "கொஞ்ச நேரம் உக்காருவோம் அண்ணி. நடந்ததுல எனக்கே மூச்சு வாங்குது."

அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். நாத்தனார் உட்கார்ந்தார். உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். இரண்டு உள்ளங்கால்களையும் பாறையில் வைத்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும். கீழே, எத்தனை ஆழத்திலோ, அலை குகைக்குள் நுழைந்தது. பாறை முழுவதும் ஒரு தடவை சிலிர்த்தது. அடுத்த அலை. மறுபடி.

அவர் முகம் மாறுவதை ஆபரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் புருவம் சுருங்கியது. பிறகு வாய் லேசாகத் திறந்துகொண்டது. பிறகு, எழுந்து நிற்காமல், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, குழந்தை மாதிரி தவழ்ந்து முன்னால் போக ஆரம்பித்தார்.

"அக்கா! என்ன பண்ற நீ?" என்று மெக்கானிக் பாய்ந்தார்.

"விடுய்யா," என்றார் விடுதிக்கார அம்மாள். "கோடு இன்னும் எங்கயோ இருக்கு."

கோட்டுக்கு இந்தப் பக்கமே பாறையில் தட்டு அளவுக்கு ஒரு துளை இருந்தது. தண்ணீர் அதில் வருவதில்லை, காற்று மட்டும்தான் என்றார் அந்த அம்மாள். நாத்தனாரின் கை தேடித் தேடி அதன் விளிம்பைக் கண்டுபிடித்தது. துளை அப்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது; அவர் தோளில் கிடந்த துப்பட்டாவின் நுனி தானாக எழுந்து அதற்குள் நுழைந்தது. திடுக்கிட்டு அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு கணம் எல்லாம் நின்றது. அடுத்து, கடலின் அடிவயிற்றிலிருந்து ஈரமும் உப்பும் குளிர்ச்சியுமாக ஒரு பெரிய காற்று எழும்பி அவர் முகத்தில் அடித்தது. நரைத்த முடியெல்லாம் நெட்டுக்குத்தலாக நின்றுவிட்டது. துப்பட்டா கையிலிருந்து பிய்த்துக்கொண்டு உயரே போயிற்று.

நாத்தனார் சிரித்தார். அது மேசையில் மற்றவர்களுக்காகச் சிரித்த சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சுத் திணறி, கண்ணில் தண்ணீர் வர ஒரு சிரிப்பு. மறுபடியும் முகத்தைக் கொண்டுபோய் அந்தத் துளையின் மேல் வைத்தார். மறுபடியும் அது ஊதியது. "வர்றியா, வா! வா!" என்று அதட்டினார் அதை.

தம்பி அவர் பக்கத்தில் மண்டியிட்டார். லிப்ட் கூண்டுகளின் பாரத்தையும் கம்பியின் இழுப்பையும் காலமெல்லாம் கணக்குப் பார்த்த மனிதர் பாறையில் கையை வைத்துவிட்டு, "எவ்வளவு பாரம்... இதை எது தூக்குது..." என்று தனக்குள் முணுமுணுத்தார்.

அப்போதுதான் விடுதிக்கார அம்மாள் கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தூரத்தைப் பார்த்தார். "ஒண்ணு வருது. பெரிசு. எல்லாரும் இருந்த இடத்துல இருங்க."

கடலில் ஒன்றும் தெரியவில்லை. நீளமாக ஒரு மடிப்பு, அவ்வளவுதான், அவசரமில்லாமல் வந்தது. பாறையின் விளிம்பை அடைந்து, கீழே நுழைந்து, காணாமல் போயிற்று. அத்தனையும் அமைதி. துளை மூச்சை இழுத்தது, இழுத்தது, இழுத்துக்கொண்டே இருந்தது.

பிறகு கோட்டுக்கு அந்தப் பக்கம் பாறை வெடித்ததுபோல இருந்தது. அங்கிருந்த பெரிய ஓட்டையின் வாயிலிருந்து வெள்ளைத் தூண் ஒன்று நேராக எழுந்தது. நாலு மாடி, ஆறு மாடி, அதற்கும் மேலே. மெக்கானிக்கின் தலை பின்னால் சாய்ந்துகொண்டே போயிற்று. உச்சியில் போய் அது நின்றது. நிஜமாகவே நின்றது, ஆபரேட்டர் அதைப் பார்த்தாள். சூரியன் அதற்குள் புகுந்து, நின்ற தண்ணீர் அத்தனையும் எரிந்தது. அதன் பிறகுதான் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. அதற்கும் பிறகு, வெயிலில் மழை.

வாலுவின் கையில் கைபேசி இருந்தது. எடுப்பதற்குத் தயாராகத்தான் வைத்திருந்தாள். கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. வாய் திறந்தபடி இருந்தது. முகத்தில் உப்புத் தண்ணீர் வழிந்தது.

"என்னடி ஆச்சு? எப்படி இருக்கு?" என்று நாத்தனார் திரும்பிக் கத்தினார். "சொல்லேன்டி, என்ன கலர்?"

"வெள்ளை அத்தை... இல்ல... இருங்க..." வாலு திணறினாள். ஓடி வந்து அத்தையின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அடில பச்சை. பாட்டில் உடைச்சா ஓரத்துல தெரியுமே, அந்தப் பச்சை. மேல போகப் போகப் பச்சை போயிடுது. உச்சில கலரே இல்லை அத்தை. வெறும் வெளிச்சம்."

நாத்தனார் முகத்தை உயர்த்தி, துளிகள் விழுகிற திசையில் வைத்துக்கொண்டார். "ம்," என்றார். "ம். தெரியுது."

ஆபரேட்டர் கொஞ்சம் தள்ளி நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது, துக்கமாக ஒன்றுமில்லை. நாங்கள் மேசையில் உட்கார்ந்து படகா ரயிலா என்று அடித்துக்கொண்ட அந்தச் சாயங்காலங்களிலும் இது இங்கே மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நாங்கள் யாரும் பிறப்பதற்கு முன்னாலும். ஒருவரும் கேட்காவிட்டாலும். அந்த நினைப்பில் அவளுக்குத் தலை லேசாகச் சுற்றியது, பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மிச்ச நாட்களை அவர்கள் அந்தப் பாறையில்தான் கழித்தார்கள். தூக்கம் வரவில்லை என்று யாரும் மூட்டையைக் கட்டவில்லை. அலைக்கு அலை பாறை வேறு வேறு குரலில் பேசியது. காலையில் முனகும், மதியம் உறுமும், கடல் இறங்கிவிட்டால் விசில் அடிக்கும். கடைசி நாள் காலை பைகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போது நாத்தனார் தன் பையைத் தொடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நான் இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்," என்றார்.

மெக்கானிக்குக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குதித்தார். "தனியாவா? உனக்கென்ன பைத்தியமாக்கா? கடல், பாறை, ஒரு கைப்பிடி கிடையாது! எனக்கு அங்க வேலை ஓடுமா?"

"உனக்கு ஏழு வயசுல காய்ச்சல் வந்தப்ப உன்னைப் பக்கத்து வீட்ல விட்டுட்டு நான் வேலைக்குப் போகலையா? எனக்கு அங்க வேலை ஓடுச்சாக்கும்? ஆனா போனேன்ல?"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்கிற மாதிரி. ஆபரேட்டர் நாத்தனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நிஜமாவே இருந்துடுவீங்களா அண்ணி? பயமா இல்லையா?"

"பயந்தான். நேத்து அந்தம்மா கூட வாசல்லேர்ந்து பாறை வரைக்கும் நடந்து பழகினேன். ரெண்டு தடவை முட்டியைப் பேத்துக்கிட்டேன்." அவர் தாழ்ந்த குரலில், மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்: "இன்னும் முழுசாக் கேட்டு முடிக்கலைம்மா."

ஆபரேட்டர் எழுந்து, நாத்தனாரின் துணிகளைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் அடுக்கினாள். எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவர் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டினாள். மெக்கானிக் வாசலில் போய் நின்று, கதவின் கீலையெல்லாம் ஆட்டிப் பார்த்து, தன் பையிலிருந்த எண்ணெயை விட்டார். கிறீச்சிடுவது நின்றது.

கொஞ்ச நாள் என்றவர் திரும்பி வந்தது கோடை முடிந்து முதல் மழை பிடித்த பிறகுதான். கறுத்து, மெலிந்து, முட்டியெல்லாம் தழும்போடு, பேருந்தும் ரயிலும் தானே மாறி வந்து இறங்கினார். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? பேருந்தில் ஏறும்போது மெக்கானிக்கின் முகம் வீங்கிக் கிடந்தது.

வழியனுப்ப நாத்தனார் வந்திருந்தார். பேருந்து கிளம்பியதும் அவர் திரும்பி நடக்க ஆரம்பித்ததை ஆபரேட்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு கையில் புதுக் கம்பு. இன்னொரு கை பக்கச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. விடுதிக்கார அம்மாள் முன்னால் நடந்தார். கையைப் பிடிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை, ஓயாமல் ஏதோ பேசிக்கொண்டே போனார்.

"விழுந்துடப் போறா," என்றார் மெக்கானிக்.

வாலு அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சாலை மேட்டில் ஏறித் திரும்பியது. திரும்பியதும் ஒரு பக்கத்து ஜன்னல்கள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கடல் வந்து நிறைந்தது. வெயிலில் அது கண் கொள்ளாமல் கிடந்தது. பேருந்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.